கார்டில் உன் பெயருக்குக் கீழே என்ன போட?

கோமு,

இதைப் படித்து முடிக்கிறவரை போனை எடுக்காதே. போனில் உன்னிடம் எதையும் முழுதாகச் சொல்ல முடிவதில்லை. "அப்பா, சுருக்கமாச் சொல்லுங்க, அடுத்த ஹவர் கிளாஸ் இருக்கு" என்பாய். சுருக்கமாகச் சொல்லுகிற விஷயமாக இருந்தால் நான் ஏன் இப்படி ஆப்செட் மெஷின் சத்தத்துக்கு நடுவே உட்கார்ந்து, நோட்டீஸ் அடிக்க வைத்திருந்த தாளை எடுத்து எழுதிக்கொண்டிருக்கப் போகிறேன்? இன்றைக்குக் கூரியரில் போட்டால் நாளைக்கு உன் ஹாஸ்டலுக்கு வந்துவிடும் என்று கூரியர்க்காரன் சொல்லியிருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து நிதானமாகப் படி. திங்கட்கிழமைக்கு முன்னால் நீ இதைப் படித்தாக வேண்டும்.

உன் கல்யாணக் கார்டு இன்னும் ஆரம்பிக்கவில்லை. சங்கரன்கோவிலில் பாதி வீட்டுக் கல்யாணத்துக்குக் கார்டு அடித்துக் கொடுத்தவன், சொந்த மகள் கார்டை அடிக்காமல் உட்கார்ந்திருக்கிறான் என்று உன் அம்மா காலையில் ஒரு தடவை, சாப்பாட்டுக்குப் போனால் ஒரு தடவை சொல்லிக்காட்டுகிறாள். ஆடித் தபசு முடிந்து ஆவணி பிறந்தால் கல்யாணம். முதல் கார்டை மஞ்சள் தடவி கோமதியம்மன் காலடியில் வைக்க வேண்டும் என்று அவள் தட்டை எல்லாம் விளக்கி வைத்துவிட்டாள். டிசைனிங் பார்க்கிற மாரியும் தினமும் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்க்கிறாள். மாப்பிள்ளை பெயர், அதற்குக் கீழே அவர் படிப்பு, அதற்குக் கீழே வேலை எல்லாம் ஏறிவிட்டது. உன் பெயருக்குக் கீழே எம்.காம்., எம்.பில். என்று இருக்கிறது. அதற்கடுத்த வரி காலி. வாசுதேவநல்லூரில் இருந்து சம்பந்தி இரண்டு நாளைக்கு ஒரு தடவை போன் பண்ணுகிறார். "அண்ணாச்சி, 'உதவிப் பேராசிரியர், நிதித்துறை'ன்னு நல்லாத் தெரியுத மாதிரிப் போட்டுருங்க. எங்க ஆளுக பாக்கணும்லா" என்கிறார். நானும் சரி சரி என்று போனை வைத்துவிடுகிறேன். என்னத்தைப் போட? திங்கட்கிழமைக்குப் பிறகு நீ உதவிப் பேராசிரியரா இல்லையா என்பது உனக்கே தெரியாது.

உனக்குத் தெரிந்த கதைதான், இருந்தாலும் என் வாயால் ஒரு தடவை சொல்லிக்கொள்கிறேன். உன் கல்லூரியில் பி.காம். மட்டும் இருந்தது. பி.காம். நிதி என்று தனியாக ஒரு படிப்பு வேண்டும் என்று தாளாளர் அறைக்கு நடையாய் நடந்து கேட்டு வாங்கியவள் நீ. அவரும் சரி என்றார். ஆனால் ஒரு கண்டிஷன். கல்லூரி திறக்கிற திங்கட்கிழமைக்குள் வகுப்பு நடத்துகிற அளவுக்குப் பிள்ளைகள் சேர வேண்டும். சேரவில்லை என்றால் படிப்பை மூடிவிட்டு, சேர்ந்த பிள்ளைகளைச் சாதா பி.காம்.மில் தள்ளிவிட்டு, உன்னையும் அனுப்பிவிடுவார். புதன்கிழமை காலையில் நீ போன் பண்ணி, "அப்பா, இன்னும் ஒரே ஒரு பிள்ளை வந்தாப் போதும்ப்பா" என்றாய். உன் குரலில் அவ்வளவு சந்தோஷத்தை நிச்சயதார்த்தத்தன்றுகூட நான் கேட்கவில்லை. அந்த ஒரு பிள்ளை விஷயமாகத்தான் இந்தக் கடிதம். அன்றைக்கு மத்தியானம் பிரஸ்ஸில் ஒரு காரியம் நடந்துவிட்டது. அதைச் சொல்லுவதற்கு முன்னால் உன்னைத் திட்ட வேண்டியது நிறைய இருக்கிறது. முதலில் அதை வாங்கிக்கொள்.

முதலாவது, உங்கள் ஆட்கள் இந்தப் படிப்புகளுக்கு வைக்கிற பெயர். நான் இந்தத் தொழிலுக்கு வந்தபோது பி.காம். என்றால் பி.காம்.தான். கார்டில் மாப்பிள்ளை பெயருக்குக் கீழே போட்டால் வேலை முடிந்தது. பிறகு அதற்குப் பக்கத்தில் ஒரு அடைப்புக்குறி முளைத்தது. ஒரு கல்லூரி அதற்குள் கணக்கும் நிதியும் என்றது. இன்னொரு கல்லூரி வங்கியியலும் காப்பீடும் என்றது. பி.பி.ஏ.க்குள் நிதி மேலாண்மை வந்தது. இந்த வருஷம் ஒருத்தர் நிதித் தொழில்நுட்பம் என்று நோட்டீஸில் அடிக்க மேட்டர் கொண்டுவந்து கொடுத்தார். என்ன சார் இது என்று கேட்டேன். "புதுசு அண்ணாச்சி, டிமாண்ட் இருக்கு" என்றார். அதில் என்ன சொல்லிக் கொடுப்பார்கள் என்று கேட்டேன். "அதான் புதுசுன்னு சொன்னேம்லா" என்றார். மே மாதம் வந்துவிட்டால் எல்லாக் கல்லூரி நோட்டீஸும் நம் பிரஸ்ஸில்தான் ஓடுகிறது. காதுகுத்துக் கார்டுக்கு வருகிற சனம் மேஜையில் கிடக்கிற நோட்டீஸைப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, எம் பிள்ளை காமர்ஸ் குரூப்பு, இதுல எது பெருசு?" என்று என்னைக் கேட்கிறது. நான் என்ன துணைவேந்தரா? "பெருசு சிறுசுன்னு சண்டை போட்டவங்களுக்குத்தான் நம்ம ஊர்ச் சாமி பாதி சிவனாவும் பாதி பெருமாளாவும் நின்னு காட்டிட்டாரே, அங்க போய்க் கேளும்" என்று அனுப்பிவிடுவேன். அப்படியே இருந்திருந்தால் எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை. உன்னோடு பைக்கில் சுற்றப்போய்த்தான் எல்லாம் கெட்டது.

இரண்டாவது, அந்த நோட்டீஸ் சங்கதி. உன் கல்லூரி ஆபீஸில் இருந்து மேட்டர் வந்த அன்று நீ லீவில் வீட்டுக்கு வந்திருந்தாய். எனக்குச் சாப்பாடு கொண்டுவந்த இடத்தில் மாரியின் கம்ப்யூட்டரை எட்டிப் பார்த்தாய். "பி.காம். நிதி. படித்து முடித்தவுடன் வங்கியில் வேலை உறுதி" என்று சிவப்பில் இருந்தது. நீ தூக்குவாளியை வைத்த வேகத்தில் சாம்பார் மேஜையில் கொட்டியது.

"அப்பா, இந்த வரியை எடுங்க."

"எதுக்குட்டி?"

"எந்தப் பேங்கு வேலை உறுதின்னு சொல்லிச்சு? பேங்குல சேரணும்னா பரீட்சை எழுதணும். எந்த டிகிரி படிச்சவங்களும் எழுதலாம். இது பொய்ப்பா."

"பார்ட்டி குடுத்த மேட்டர்ல நாம கை வைக்கக் கூடாது மக்கா. அவங்க குடுக்காங்க, நாம அடிக்கோம்."

"தெரிஞ்சே அடிப்பீங்களா?"

எனக்கு வந்தது பார் ஒரு கோபம். "ஏட்டி, கல்யாணக் கார்டுல மாப்பிள்ளை பேருக்குக் கீழ போடுத டிகிரிக்கெல்லாம் நான் சர்டிபிகேட்டு வாங்கிப் பாத்தா அடிக்கேன்? அரியர் முடிக்காதவனுக்கெல்லாம் பி.இ. போட்டுருக்கேன். நெசமா பொய்யான்னு பாத்து அடிக்க ஆரம்பிச்சா பிரஸ்ஸைப் பூட்டிட்டு நான் பூ மார்க்கெட்டுல போய் மூட்டை தூக்கணும்" என்றேன். மாரி சிரிப்பை அடக்க முடியாமல் குனிந்துகொண்டாள். கொட்டின சாம்பாரைத் துடைத்துவிட்டு நீ போய்விட்டாய். வரி அப்படியே அச்சானது. நான் செய்தது தொழில் முறைப்படி சரி. இப்போதும் சொல்லுகிறேன், சரி.

இது இன்றைக்கு வந்த புத்தி இல்லை உனக்கு. பள்ளிக்கூடம் விட்டு வந்து பிரஸ்ஸில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுகிற வயதில், பெரிய இடத்துக் கல்யாணம் ஒன்று வந்தது. இருக்கிற கார்டிலேயே விலை கூடின கார்டை எடுத்துப் பெண்ணின் அப்பா திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நான் காபி சொல்லியாகிவிட்டது. நீ பென்சிலைக் கடித்துக்கொண்டே, "மாமா, இந்தக் கார்டுல ஜிகினா உதிரும். கையெல்லாம் ஒட்டும்" என்றாய். அவர் கையைப் பார்த்தார், ஒட்டியிருந்தது. கடைசியில் சாதாக் கார்டை எடுத்துக்கொண்டு உன் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார். அன்றைக்கு உன்னைப் பிரஸ் பக்கமே வரக்கூடாது என்று சொன்னேன். மறுநாளும் வந்தாய். உன்னைப் பெண் பார்க்க வந்த அன்று என்ன செய்தாய்? தரகர் உன்னைப் பேராசிரியர், நிரந்தர வேலை என்று சொல்லிக் கூட்டிவந்திருந்தார். நீ காபித் தட்டைக் கீழே வைக்கிறதற்கு முன்னாலேயே, "வேலை நிரந்தரமில்லைங்க. கோர்ஸ் ஓடுனாத்தான் நானும் ஓடுவேன்" என்றாய். உன் அம்மா அடுக்களையில் தலையில் அடித்துக்கொண்ட சத்தம் கூடத்துக்குக் கேட்டது. நல்லவேளை, மாப்பிள்ளை சிரித்துவிட்டார். எல்லா இடத்திலும் சிரிக்க மாட்டார்கள், அதைச் சொல்லி வைக்கிறேன். போகிற வீட்டில் முதல் நாளே மாமியார் வைத்த குழம்பில் உப்புக் கூட என்று சொல்லிவிடாதே. இரண்டு மாதம் பொறுத்துச் சொல். கேட்டால் மட்டும் சொல்.

இப்போது அந்த ஊர் ஊராகப் போன கதைக்கு வருகிறேன். பாடம் நடத்துகிற வாத்தியார்களை மே மாத வெயிலில் பிள்ளை பிடிக்க வீடு வீடாக அனுப்புகிற வழக்கத்தை எவன் கண்டுபிடித்தானோ, அவன் கையில் ஒரு கட்டு நோட்டீஸைக் கொடுத்து மேலநீலிதநல்லூர் கரிசலில் மத்தியானம் நடக்கவிட வேண்டும். உனக்குச் சொந்த ஊர் என்று இந்தப் பக்கத்தை ஒதுக்கிவிட்டார்கள். நீ தனியாகப் பஸ்ஸில் போகிறேன் என்றாய், எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. முகூர்த்த சீசனில் பிரஸ்ஸை மாரியிடம் விட்டுவிட்டு உன்னைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு அலைந்தேன். உன் அம்மா புறப்படும்போதெல்லாம் உன் நெற்றியில் கோயில் புற்றுமண் வைத்து அனுப்புவாள். என் நெற்றியிலும் வைப்பாள். பிள்ளை பிடிக்கப் போகிறவர்களுக்கு அம்மன் துணை வருவாளா என்று நான் கேட்டால் முறைப்பாள்.

அதிலே அந்த மேலநீலிதநல்லூர் அம்மாள் வீட்டை நான் சாகிறவரை மறக்க மாட்டேன். பாவம், தண்ணீர் கொடுத்து, நாற்காலியைத் துடைத்துப் போட்டு, ஓடிப்போய்க் கடையில் கலர் சோடா வாங்கி வந்து கொடுத்தாள். மகள் பிளஸ் டூ முடித்திருந்தாள். அந்த அம்மாள் சேர்க்கிற முடிவோடுதான் இருந்தாள் கோமு. நான் முகத்தைப் பார்த்தே சொல்லுவேன், எத்தனை பார்ட்டியைப் பார்த்திருக்கிறேன். அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"டீச்சர், இதைப் படிச்சா எம் பிள்ளை பேங்குல போய் உக்காந்துருவாளா?"

நீ என்ன சொல்லியிருக்க வேண்டும்? "நல்லாப் படிச்சா எங்கயும் போலாம்க்கா" என்று சொல்லியிருந்தால் அதில் பொய் ஒன்றும் இல்லை. நீ நோட்டீஸை எடுத்து அந்தச் சிவப்பு வரியைக் காட்டி, "இதை நம்பாதீங்க அக்கா. படிச்சுட்டுப் பரீட்சை எழுதணும். அதுக்கு எந்த டிகிரியும் போதும், இதுதான் வேணும்னு இல்ல" என்றாய். எனக்கு இருமல் வந்தது. நான் இருமினேன். நீ என்னைத் திரும்பியே பார்க்கவில்லை. அந்தப் பிள்ளையிடம் திரும்பி, "உனக்கு என்னம்மா பிடிக்கும்?" என்று கேட்டாய். அது ஆங்கிலம் படிக்கப் பிடிக்கும், கணக்கு என்றால் வயிற்றைக் கலக்கும் என்றது. "அப்போ எதுக்கு இதுல வந்து மூணு வருஷம் கஷ்டப்படணும்? அரசுக் கல்லூரியில பி.ஏ. இங்கிலீசு இருக்கு, ஃபீஸும் கம்மி, இன்னும் அப்ளிகேஷன் குடுக்காங்க" என்று நீயே வழியையும் சொல்லிக் கொடுத்தாய். அந்த அம்மாள் வாசல் வரை வந்து உன் கையைப் பிடித்துக்கொண்டு வழியனுப்பினாள். நானோ அதற்குள் வண்டியை உதைத்துக் கிளப்பிவிட்டேன்.

திரும்பி வருகிற வழியில் டீக்கடையில் வண்டியை நிறுத்தி நான் கத்தினது உனக்கு ஞாபகம் இருக்கும். "ஏட்டி, உனக்குக் கிறுக்கா புடிச்சிருக்கு? கடையத் திறந்து வச்சிக்கிட்டு, வாரவங்களை எல்லாம் எதுத்த கடைக்கு அனுப்புதியே, வெளங்குமா?" என்றேன். டீ ஆற்றுகிறவர் ஆற்றுவதை நிறுத்திவிட்டு நம்மைப் பார்த்தார். நீ நிதானமாக வடையைப் பிய்த்துக்கொண்டு, "கணக்குப் பிடிக்காத பிள்ளையை உள்ள இழுத்துப் போட்டா அது ரெண்டாம் வருஷத்துல அழும்ப்பா. அதுக்கு முன்னால நின்னு நான்தான பாடம் நடத்தணும்" என்றாய். "நீ அங்க நிக்கணும்னாலே பிள்ளை வேணும்லா, அது முதல்ல புரியுதா?" என்றேன். "புரியுது" என்றாய். புரிந்துகொண்டே செய்கிறவளை என்ன சொல்லித் திருத்த? வண்டியை எடுத்துவிட்டேன். ஊர் வந்து சேருகிறவரை நீ பின்னால் உட்கார்ந்து ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வந்தாய். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

சில வீட்டில் நீ வேறு மாதிரிப் பேசினதையும் கேட்டேன், அதையும் சொல்லாவிட்டால் நியாயம் இல்லை. கடை கண்ணி வைத்திருக்கிறவர்கள் வீட்டுப் பிள்ளைகளிடம், இந்தக் கணக்கு ஏன் இப்படி வருகிறது என்று நோண்டிக் கேட்கிற பிள்ளைகளிடம், உன் முகமே மாறிவிடும். "சாதா பி.காம்.ல வரவு செலவை எழுதப் படிப்பே. இதுல ஒரு தொழிலுக்குப் பணம் எங்க இருந்து வரணும், எங்க போய் முடங்குது, இன்னைக்குக் கையில இருக்க பணமும் அஞ்சு வருஷம் கழிச்சு வாரேங்கிற பணமும் ஏன் ஒண்ணில்ல, எவனாவது வந்து ரெட்டிப்பாத் தாரேம்னு சொன்னா அதுல எங்க ஓட்டைன்னு கண்டுபிடிக்க, இதெல்லாம் படிப்பே. முதல் வருஷம் ரெண்டுக்கும் முக்கால்வாசி ஒரே பாடம்தான், அதையும் சொல்லிருதேன்" என்பாய். வீடு மாறி வீடு, ஊர் மாறி ஊர், அதே பேச்சு. பைக் ஸ்டாண்டைப் போட்டுவிட்டு வேப்பமரத்தடியில் நின்று நானும் கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டது. அப்படிச் சேர்ந்த பிள்ளைகள்தான் உன் வகுப்பில் இருக்கிறவர்கள். நோட்டீஸைப் பார்த்து வந்தவர்கள் பாதிப்பேர் உன்னிடம் பேசிவிட்டு வேறு எங்கோ போய்விட்டார்கள். அப்படி இருந்தும் இன்னும் ஒரு பிள்ளை போதும் என்கிற அளவுக்கு வந்துவிட்டது என்றால் எனக்கே ஆச்சரியம்தான்.

இப்போது அந்தப் புதன்கிழமை. உன் போன் வந்த சந்தோஷத்தில் உன் அம்மா மாவிளக்குப் போடுவதாக அம்மனிடம் சொல்லிவிட்டு அரிசியை ஊறப் போட்டுவிட்டாள். நான் பிரஸ்ஸுக்கு வந்து மாரியிடம், "அந்தக் காலி வரியில உதவிப் பேராசிரியர்னு ஏத்திரு தாயி" என்று சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். மத்தியானம் இளையரசனேந்தலில் இருந்து கருப்பசாமி வந்தார். அவருடைய மூத்த மகள் கல்யாணத்துக்கு நாம்தான் கார்டு அடித்தோம். மானாவாரிக் காடு வைத்திருக்கிறவர், மழை பெய்தால் உளுந்து, பெய்யாவிட்டால் ஒன்றும் இல்லை. கூட இளைய மகள் முத்துலெட்சுமி. சட்டைப்பையில் இருந்து வேர்வையில் நனைந்த நம் நோட்டீஸை எடுத்து மேஜையில் விரித்தார்.

"அண்ணாச்சி, பிள்ளைக்குப் பிளஸ் டூவுல நல்ல மார்க்கு. இந்த நோட்டீஸு பஸ்ஸுல குடுத்தாங்க. கீழ பாத்தா உங்க பிரஸ் பேரு போட்டுருக்கு. உங்க மகளும் அங்கதான் வேலை பாக்குன்னு சொன்னாங்க. இதுல போட்டுருக்கது நெசந்தானே? வேலை உறுதின்னு இருக்கே. உறுதின்னா மாட்டை வித்துட்டு இன்னைக்கே போய்ச் சேத்துட்டு வந்துருதேன்."

கோமு, நீ கேட்ட அந்த ஒரு பிள்ளை என் மேஜைக்கு முன்னால் நிற்கிறது. நான் தேடிப் போகவில்லை, தானாக வந்து நிற்கிறது. அம்மன் அனுப்பினாள் என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன். நான் பேசக்கூட வேண்டாம், தலையை ஆட்டினால் போதும். பஸ் ஏறிப் போயிருப்பார்கள். உன் வேலை நிற்கும், கார்டில் வரி ஏறும், சம்பந்தி வாய் அடையும். தலையை ஆட்டத்தான் போனேன். சத்தியமாகச் சொல்லுகிறேன், ஆட்டத்தான் போனேன்.

"அந்த வரியை மட்டும் நம்பாதீரும்வே" என்றேன்.

என் வாயில் இருந்துதான் வந்தது. மாரி மவுஸை அப்படியே விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். கருப்பசாமி நோட்டீஸையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் கோபமாகக் கேட்டிருந்தால் நானும் எதையாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். அவர் கோபப்படவில்லை. புரியாமல்தான் கேட்டார்.

"நம்பக் கூடாதுன்னா, அப்ப எதுக்கு அண்ணாச்சி அடிச்சிய?"

அதற்கு என்னிடம் பதில் இருக்கிறது என்று இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். உன்னிடம்தான் அதே பதிலைச் சொல்லிக் கத்தினேனே. பார்ட்டி கொடுத்தார்கள், நான் அடித்தேன். அதை அந்த மனிதர் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. மேஜையில் கிடந்த நோட்டீஸின் சுருக்கத்தை நீவிக்கொண்டிருந்தேன். அந்தப் பிள்ளைதான், "அப்ப இந்தப் படிப்புல என்னதான் மாமா சொல்லிக் குடுப்பாங்க?" என்று கேட்டது. உடனே வேப்பமரத்தடியில் நின்று மனப்பாடம் பண்ணினது முழுக்க என் வாயில் இருந்து கொட்டியது. பணம் எங்கே இருந்து வருகிறது, எங்கே முடங்குகிறது, இன்றைய பணமும் அஞ்சு வருஷம் கழித்து வரும் பணமும் ஏன் ஒன்றில்லை, எல்லாம். முதல் வருஷம் முக்கால்வாசி ஒரே பாடம் என்பதையும் விடவில்லை. பேங்கு வேலைக்குப் பரீட்சை எழுத வேண்டும், எந்த டிகிரியும் போதும் என்றேன். அரசுக் கல்லூரியில் பி.காம். இருக்கிறது, மாட்டை விற்க வேண்டியது இல்லை என்றும் சொல்லித் தொலைத்தேன். நீ பேசினால் எப்படிப் பேசுவாயோ அதை அச்சுப் பிசகாமல் பேசியிருக்கிறேன். நீ நடுவில் கொஞ்சம் மூச்சு விடுவாய், நான் அதுவும் விடவில்லை.

அந்தப் பிள்ளைக்குக் கண் விரிந்தது. உன் வகுப்புக்கு ஏற்ற பிள்ளைதான் அது. ஆனால் கருப்பசாமி எழுந்துவிட்டார். "மாடு நிக்கட்டும் அண்ணாச்சி. முதல்ல அரசுக் கல்லூரியில கேட்டுப் பாக்கேன்" என்றார். போகும்போது கும்பிட்டுவிட்டுப் போனார். நான் அவருக்கு என்ன செய்துவிட்டேன் என்று கும்பிடுகிறார்? நோட்டீஸ் மேஜையிலேயே கிடந்தது. பிள்ளை மட்டும் வாசலில் நின்று திரும்பி, "மாமா, அந்த டீச்சரு பேரு என்ன?" என்று கேட்டது. சொன்னேன். பஸ் வந்துவிட்டது, பிள்ளை ஓடிவிட்டது. நேற்றைக்கு விசாரித்தேன். அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்துச் சேர்ந்துவிட்டதாம்.

உன் அம்மாவிடம் அன்றைக்கே சொல்லிவிட்டேன். ஊறின அரிசியில் தண்ணீரை வடித்துக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றாள். "நீங்களா? நீங்களா சொன்னிய?" என்றாள். பிறகு சிரித்தாள். பிறகு அடுப்புக்குத் திரும்பிக்கொண்டு அழுதாள். "அவ கெடுத்தாலும் நீங்க சேத்துக் குடுப்பியன்னு நெனச்சேன். இப்ப அப்பனும் மகளும் ஒண்ணாச் சேந்துக்கிட்டிய" என்றாள். மாவிளக்கு மட்டும் போட்டுவிட்டாள். அம்மனிடம் சொன்னது சொன்னதுதானாம்.

ஆகவே திட்டுகிறதை எல்லாம் திட்டி முடித்துவிட்டு நான் சொல்ல வந்தது இதுதான். உன் வேலை போனால் அதற்கு நீ பாதிக் காரணம், நான் பாதிக் காரணம். எனக்குப் பயமாக இருக்கிறது கோமு. நீ ஆசை ஆசையாகக் கேட்டு வாங்கின படிப்பு, என் வாயால் போகிறதே. மன்னித்துக்கொள் என்று சொல்ல வாய் வரவில்லை. ஏனென்றால் அந்த மனிதர் நாளைக்கு மறுபடியும் வந்து நின்றாலும் அதையேதான் சொல்லுவேன் போலிருக்கிறது. எல்லாம் உன்னோடு சுற்றினதால் வந்த வினை. இந்த வயதில் எனக்கு இதெல்லாம் தேவையா? நேற்றுச் சாயங்காலம் உன் கல்லூரி ஆபீஸில் இருந்து, அதே நோட்டீஸ் இன்னும் ஒரு கட்டு வேண்டும் என்று போன் வந்தது. சிவப்பு வரியை எடுத்தால் அடித்துத் தருகிறேன் என்றேன். "என்ன அண்ணாச்சி, புதுசாப் பேசுதிய?" என்று வேறு பிரஸ்ஸுக்குப் போய்விட்டார்கள். இனி உன் கல்லூரி வேலை நமக்கு வராது. மாரி, நான் கேட்காமலே எனக்கு டீ வாங்கிக் கொடுத்தாள்.

திங்கட்கிழமை அவர்கள் முடிவைச் சொன்னதும் எனக்குப் போன் பண்ணு. அன்றைக்கு நீ சுருக்கமாகவே சொல்லலாம். கடைசி நேரத்தில் எங்கிருந்தோ ஒரு பிள்ளை வந்து வகுப்பு நின்றால் அந்த வரியைப் போடுகிறேன். மூடிவிட்டார்கள் என்றால் உன் பெயருக்குக் கீழே எம்.காம்., எம்.பில். மட்டும் போட்டு, அதற்கடுத்த இடத்தை வெறுமையாக விட்டு அடிக்கிறேன். அந்த வரி கல்யாணம் வரைக்காவது இருக்கட்டும், யார் கேட்கப் போகிறார்கள் என்று சம்பந்தி சொல்லுவார். உன் அம்மாவும் சொல்லுவாள். ஊரில் யாரும் கேட்க மாட்டார்கள்தான். எத்தனை பேருக்கு எத்தனை டிகிரி போட்டுக் கொடுத்திருக்கிறேன், ஒருத்தரும் என்னை வந்து கேட்டது கிடையாது. பார்ட்டி என்ன கொடுத்தாலும் அப்படியே அடிக்கிறவன் நான். ஆனால் இந்தக் கார்டுக்குப் பார்ட்டி நான்.

அப்பா